ஐந்து ஐம்பத்திரண்டு

எங்கள் ஊரின் பெயருக்குப் படகு என்று பொருள்.
வூச்.
படகு விட ஆறு கிடையாது,
இருந்தவற்றைத் தெருவுக்கடியில் குழாய்க்குள் விட்டுவிட்டார்கள்.
மேலே டிராம் ஓடுகிறது.
எந்த வண்டியை யார் எத்தனை மணிக்கு எடுப்பது என்று
கட்டம் கட்டமாக நிரப்புவது என் வேலை.
பதினான்கு வருடம். ஒரு டிராமையும் நான் ஓட்டியதில்லை.

பிப்ரவரியில் லுத்மிவா சோபோலுக்கு உடைந்த நாள் போட்டேன்.
காலை நாலு இருபது முதல் ஒன்பது இருபது,
மறுபடி மதியம் ஒன்று ஐம்பது முதல் ஆறு ஐம்பது.
நடுவில் கிடப்பது யாருடைய நேரம் என்று கேட்காதீர்கள்.
வீட்டுக்குப் போய்வரப் போதாது,
பணிமனை பெஞ்சில் உட்கார்ந்திருக்க மிக அதிகம்.

ஒரு வேலைக்கும் அடுத்ததற்கும் இடையே
பதினொரு மணி நேரம் ஓய்வு. சட்டம்.
ஆறு ஐம்பதோடு பதினொன்றைக் கூட்டினால் ஐந்து ஐம்பது.
மறுநாளுக்கு நான் ஐந்து ஐம்பத்திரண்டு என்று எழுதினேன்.
சட்டம் கேட்டதற்கு மேல் இரண்டு நிமிடம்.
என் தாராளம் எனக்கே பிடித்திருந்தது, மறைப்பானேன்.

அந்தப் பதினொன்றில்
வண்டியை ஒப்படைத்து, பனியில் பேருந்துக்கு நின்று
வீடு சேர எட்டேகால்.
மகனின் பின்னக் கணக்கு, உருளைக்கிழங்கு, ஈரக் கையுறைகள்.
மேல்வீட்டுக்காரன் சுவரைத் துளைப்பான்.
பத்து அடித்ததும் நிறுத்திவிடுவான்,
அவனும் சட்டம் தெரிந்தவன்.
நாலுக்கு அலாரம்.

மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை,
மூன்று வருடத்துக்கு முன்பே பிடுங்கி எறிந்த ஒரு நிறுத்தத்தில்
லுத்மிவா வண்டியை நிறுத்தினாள்.
பலகை இல்லை, கூரை இல்லை,
தரையில் சிமெண்ட் தழும்பு மட்டும்.
கதவுகள் திறந்தன.
பனி ஏறியது.
ஏற வேண்டியவர்கள் எல்லாம் ஏறிவிட்டதைப் போல
கண்ணாடியில் ஒருமுறை பார்த்து, மணியடித்து,
கதவை மூடிக்கொண்டு போனாள்.
வண்டி நிறைய ஆட்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.
ஒருவர் மட்டும் பிறகு கடிதம் எழுதினார்:
குளிர் உள்ளே வந்துவிட்டதாம்.

விசாரணையில் என் அட்டவணையை மேசைமேல் விரித்தார்கள்.
பிழை இல்லை.
விழிப்பு மிதி ஓடிய நேரமெல்லாம் அழுந்தியே இருந்தது
என்றது பதிவுக் கருவி. அதிலும் பிழை இல்லை.
தூங்கும் காலுக்கும் விழித்த காலுக்கும் ஒரே எடை.

இமைப்பொழுது என்றொரு அளவு இருக்கிறது.
அதை மூன்றால் பெருக்கினால்
வண்டி தன் நீளத்தில் பாதி போயிருக்கும்,
ஓட்டுபவள் இல்லாமலே.
என் அட்டவணையில் மிகச் சிறிய கட்டம் ஒரு நிமிடம்.

சோர்வாக இருந்தீர்களா? ஆம், இல்லை.
ஆம் என்றால் ஏன் வண்டியை எடுத்தாய்,
இல்லை என்றால் ஏன் நிறுத்தினாய்.
லுத்மிவா சொன்னாள்:
"ஆட்கள் நின்றிருந்தார்கள். பார்த்தேன்.
ஒருத்தியிடம் பச்சை நிறத்தில் குழந்தை வண்டி."
எழுதிக்கொண்டிருந்தவரின் பேனா நின்றது.
அதை எழுத அவர் தாளிலும் இடமில்லை.

அன்றிரவு ஐந்து ஐம்பத்திரண்டிலிருந்து அவள் பெயரை அழித்தேன்.
தொபியாஷைப் போட்டால் தொபியாஷின் பதினொன்று உடையும்.
வேறு யார்? முப்பத்தொன்பது ஓட்டுநர் இடங்கள் காலி.
கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

காலையில் நானே போய் அந்த நிறுத்தத்தில் நின்றேன்.
ஏழெட்டுப் பேர்.
பலகையில் இரண்டு நிமிடம், ஒரு நிமிடம்,
பிறகு அந்த வரியே காணோம்.
யாரோ ஒரு பெண் எங்கள் எல்லோரையும் சேர்த்துத் திட்டினாள்.
பச்சைக் குழந்தை வண்டி இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.
லுத்மிவா அப்போது தூங்கினாளா, தெரியாது.

"வருமா?" என்றார் பக்கத்தில் நின்றவர்.
வரும், என்றேன், ஆறு பதினொன்றுக்கு.
யார் ஓட்டி வருகிறான் என்று எனக்குத் தெரியும்,
நேற்று அவன் எத்தனை மணிக்கு இறங்கினான் என்பதும்.